டார்ப்பன் பிடிக்கப் போகிறவர்கள் வீட்டிலேயே செய்துவிடும் தவறுகள்

கோஸ்டா ரிக்காவின் வடகிழக்கு மூலையில், ரியோ கொலராடோ ஆறு கரீபியன் கடலில் கலக்கும் இடத்தில் பாரா டெல் கொலராடோ என்ற சிற்றூர் இருக்கிறது. சாலை இல்லாத ஊர்; படகில் போக வேண்டும், அல்லது சிறு விமானத்தில். இருந்தும் டார்ப்பன் என்ற பெரிய மீனுக்காக அங்கே ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். உள்ளூரில் அந்த மீனுக்குச் சாபலோ என்று பெயர். நாற்பது கிலோ மீன் அங்கே அதிசயமில்லை. வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் உண்டு. அவர்களில் பலர் கோட்டை விட்டது ஆற்றில் அல்ல, டிக்கெட் எடுத்த அன்றே.

கோஸ்டா ரிக்காவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம் என்று படித்துவிட்டு டிசம்பருக்குப் பதிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கு பசிபிக் பக்கத்துக்கு. கரீபியன் பக்கத்தில் டிசம்பரில் மழை கொட்டும். மழை சற்றே ஓயும் மாதங்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர். ஆற்றின் மேல்பகுதியில் மழை பெய்தால் ஆறு செம்மண் நிறத்தில் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு வரும். வழிகாட்டி முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகப் பார்ப்பார். அங்கே அலை மடங்கி விழும் நாட்களில் "இன்று முடியாது" என்பார். அவரோடு வாதாடாதீர்கள். மூன்று நாள் பயணத்தில் இப்படி இரண்டு நாள் போனால் மிச்சம் என்ன? ஐந்து நாளாவது வேண்டும்.

அடுத்தது, அமெரிக்காவின் ஃப்ளோரிடா வீடியோக்களை மனத்தில் ஓட்டிக்கொண்டு போவது. அங்கே இடுப்பளவு தெளிந்த நீரில் மீனைப் பார்த்து, அதன் மூக்குக்கு முன்னால் இறகுப் பூச்சியை, அதாவது முள்ளில் இறகு கட்டிய எடையற்ற பொய் இரையை, வைப்பார்கள். இந்த ஆறு ஆழம், கலங்கல். டார்ப்பன் காற்றையும் சுவாசிக்கும்; அதன் காற்றுப்பை நுரையீரல் போல வேலை செய்கிறது. காற்றை விழுங்க மேலே வந்து புரளும் அந்த ஒரு நொடியில்தான் முதுகு தெரியும். பிறகு அது எங்கே இருக்கிறது என்பது ஊகம். ஆகவே 11 அல்லது 12 எண் தூண்டில் கோலோடு (எண் கூடினால் கோல் வலுவானது), வேகமாக மூழ்கும் தூண்டில் நரம்பு கட்டாயம் வேண்டும். மிதக்கும் நரம்பை மட்டும் கொண்டு போகிறவர் மீனின் தலைக்கு மேலே வீசிக்கொண்டே இருப்பார். கோல் நான்கு துண்டாகப் பிரிவதாக இருக்கட்டும். சிறு விமானத்தில் மூட்டையை எடை போடுவார்கள்.

வழிகாட்டியின் அனுபவத்தை விசாரிக்கிறவர்கள் எந்த அனுபவம் என்று கேட்பதில்லை. கனத்த செயற்கை இரையைப் போட்டே காலம் தள்ளியவருக்கு, இறகுப் பூச்சிக்காரர் பின்னால் வீச எவ்வளவு இடம் வேண்டும் என்பது தெரியாமல் போகலாம். எங்கே மீன் பிடிக்கப் போகிறோம் என்றும் கேளுங்கள். அருகில் ஓடும் சான் ஹுவான் ஆறு, இரு நாடுகளும் செய்த 1858 ஒப்பந்தப்படி அண்டை நாடான நிகராகுவாவுடையது. கோஸ்டா ரிக்காவுக்கு அதில் உள்ளது வணிகத்துக்காகப் படகு விடும் உரிமை; 2009இல் சர்வதேச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதும் அதில் அடங்கும் என்றது. தூண்டில் போடுவது வேறு விஷயம்.

வீட்டு மொட்டை மாடியிலேயே பழக வேண்டிய ஒன்று இருக்கிறது. மீன் கடித்ததும் கோலைத் தூக்கினால் முள் ஏறாது. டார்ப்பனின் வாய் அவ்வளவு கெட்டி. கோல்முனையை மீனை நோக்கித் தாழ்த்தி வைத்து, மறுகையால் நரம்பை வெடுக்கென்று இழுக்க வேண்டும். முள் பட்டதும் ஆளுயர வெள்ளி மீன் செவுள் மூடிகள் தடதடக்க எழும்பும். அப்போது கோலோடு அதன் பக்கம் குனிந்து நரம்பைத் தளர்த்த வேண்டும். எல்லாருக்கும் பின்னால் சாயத்தான் தோன்றும். சாய்ந்தால் நரம்பு அறும்.

பிடித்த மீனைப் படகுக்குள் தூக்காதீர்கள். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்ப்பனை வெறும் படத்துக்காகத் தண்ணீரை விட்டு எடுக்க ஃப்ளோரிடா விதியே இடம் தருவதில்லை. மீன் தண்ணீரிலேயே இருக்க, படகோரம் குனிந்து படம் எடுத்துக்கொள்ளலாம். செல்பேசி மட்டும் சட்டைப் பையில் இருக்கக் கூடாது.