லூசியானா கம்போ: மாவு கருகாமல், நூலாகாமல் சமைப்பது எப்படி

கம்போ, அமெரிக்காவின் தென்மாநிலமான லூசியானாவில் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடும் கெட்டிக் குழம்பு. முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: வெண்டைக்காயா, ஃபீலே பொடியா? இரண்டும் குழம்பைக் கெட்டியாக்கும். சேர்த்துப் போட்டால் வழவழப்பு எல்லை மீறும். வெண்டைக்காய், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு மிசிசிப்பிக் கழிமுகத்துக்கு வந்த காய். பாண்டு மொழிகளில் அதன் பெயர் 'கி ங்கோம்போ'. 'கம்போ' அதிலிருந்தே வந்தது என்பது பரவலான கருத்து. ஃபீலே, சாஸஃப்ராஸ் மர இலையைக் காயவைத்து இடித்த பொடி. அது அங்கே முன்பே வாழ்ந்த சாக்டா பழங்குடி மக்களுடையது. இங்கே சொல்வது கோழியும் ஃபீலேயும் சேர்ந்த கம்போ, எட்டுப் பேருக்கு.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே 2 பெரிய வெங்காயம், 3 தண்டு செலரி, 1 பச்சைக் குடைமிளகாய், 4 பல் பூண்டு எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிடுங்கள். பிறகு அதற்குக் கை ஒழியாது.

கம்போவின் உயிர் 'ரூ' என்ற மாவு வறுவல். பிரெஞ்சுக்காரர்கள் தந்த முறை. அடிகனமான வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் 1 கப் எண்ணெய், 1 கப் மைதா. வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால்பொருள் சீக்கிரம் கருகும். மிதமான தீயில், தட்டை முனையுள்ள மரக்கரண்டியால் அடியையும் மூலைகளையும் விடாமல் வழித்துக் கிளறுங்கள். வெள்ளை மாவு நிலக்கடலைத் தோல் நிறமாகி, செம்பாகி, சாக்லேட் நிறத்துக்கு வர 40 நிமிடம் ஆகலாம். தீயைக் கூட்டினால் நேரம் மிச்சமாகாது, மாவுதான் வீணாகும். கரும்புள்ளி தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்; அந்தக் கசப்பை எந்த மசாலாவும் மறைக்காது. தோலில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும், கவனம். நிறம் ஏற ஏற மாவுச்சத்து உடைந்து கெட்டியாக்கும் திறன் குறையும். கடைசியில் ஃபீலே தேவைப்படுவது அதனால்தான்.

நிறம் வந்ததும் வெங்காயத்தைப் போடுங்கள். அதன் ஈரம் சூட்டைத் தணித்து மாவு மேலும் கருகாமல் தடுக்கும். பிறகு செலரி, குடைமிளகாய், பூண்டு. வதங்கியதும் 2 லிட்டர் கோழிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கட்டியின்றிக் கரையுங்கள். தனியே சிவக்க வறுத்த ஒன்றரைக் கிலோ கோழித்தொடை, 450 கிராம் அண்டூயி (புகையூட்டிய பன்றித் தொத்திறைச்சி, ஆற்றோர ஊரான லாப்ளேஸ் இதற்குப் பேர்போனது), பிரிஞ்சி இலை, தைம், கெயென் மிளகாய்த்தூள் சேர்த்து ஒன்றரை மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுங்கள். எலும்பை நீக்குங்கள். தொத்திறைச்சியில் உப்பு உண்டு என்பதால் உப்பைக் கடைசியில் பாருங்கள்.

தக்காளியா? நியூ ஆர்லியன்ஸ் நகரின் கிரியோல் (பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழிவந்தோர்) வீடுகள் சிலவற்றில் உண்டு. 1755-இல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரிட்டிஷார் துரத்தத் தொடங்கிய பிரெஞ்சுக் குடியேறிகளான அகேடியர்களின் வழிவந்த காஜுன்களிடம் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

ஃபீலேயைக் கொதிக்கும் குழம்பில் போட்டால் நூல்நூலாக இழுக்கும். அடுப்பிலிருந்து இறக்கியபின், சோற்றின் மேல் ஊற்றிய கிண்ணத்தில் ஆளுக்குக் கால் தேக்கரண்டி தூவுங்கள். பானையில் கலக்காமல் விட்டால் மறுநாள் தயங்காமல் சூடாக்கலாம்; ருசியும் அன்றுதான் கூடுதல்.