மலாவி கிராமத்தில் ஒரு மாத ஊழியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்காவுக்கு ஒரு மாத ஊழியத்துக்குக் கிளம்பும் குழுவுக்குச் சபையில் வழியனுப்பு ஜெபம் நடக்கும். அநேகமாக அதில் இப்படி ஒரு வரி வந்துவிடும்: "சுவிசேஷம் எட்டாத இருண்ட கண்டத்துக்கு இவர்களை அனுப்புகிறோம்." முதல் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஆப்பிரிக்கா என்று மொத்தமாகப் பேசினால் எதுவும் விளங்காது, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அங்கே இருக்கின்றன. மலாவியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2018 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875-இல் மலாவி ஏரிக்கரையில், கேப் மக்ளியர் என்ற இடத்தில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு பிளான்டயர் என்ற ஊரில் இன்னொரு மிஷன். அதே 1876-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வில்லியம் கோயி என்ற கோசா இன ஊழியர், அங்கோனி மக்களிடையே உழைத்து 1886-இல் அங்கேயே மரித்தார். முழு வேதாகமம், அங்கே அதிகம் பேசப்படும் சிச்சேவா மொழியில் 1922-இல் வந்துவிட்டது. தோட்ட முதலாளிகளின் கொடுமையையும் காலனி ஆட்சியையும் எதிர்த்து 1915-இல் கிளர்ச்சி செய்து சுட்டுக்கொல்லப்பட்ட ஜான் சிலெம்ப்வே ஒரு பாப்டிஸ்ட் போதகர். அவர் முகம் அந்த நாட்டின் பண நோட்டில் இருக்கிறது. ஜனவரி 15 அவர் பெயரில் அரசு விடுமுறை.

ஆக, உங்களை வரவேற்க நிற்கும் மூப்பருடைய தாத்தாவும் ஒரு மூப்பராக இருந்திருக்கலாம். நீங்கள் அங்கே முன்னோடி மிஷனரி இல்லை. நீண்ட வரலாறுள்ள ஒரு சபைக்கு ஒரு மாதம் வந்து போகும் விருந்தாளி. இதை மனதில் ஏற்றிக்கொண்டால் மற்ற தவறுகளில் பாதி நடக்கவே நடக்காது.

இல்லையென்றால் என்ன ஆகும்? கூட்டத்தின் கடைசியில் பிரசங்கியார் கேட்பார்: "இன்று இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்." மொழிபெயர்ப்பாளர் அதைச் சிச்சேவாவில் சொல்வார். முன்வரிசையில் மாதர் சங்கச் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி முதலில் கை தூக்குவார். ஞானஸ்நானம் பெற்று நாற்பது வருடம் ஆனவர்தான். ஆனால் கடல் தாண்டி வந்த விருந்தாளி கேட்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையா? அவரைப் பார்த்து அடுத்த வரிசை, அப்புறம் பாடகர் குழு முழுவதும். நாமோ உடனே போட்டோ எடுத்து, "நூற்றுக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிக்கப்பட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பிவிடுவோம். அடுத்த மாதம் கொரியாவிலிருந்து ஒரு குழு வந்தால் அதே பாட்டி மறுபடியும் இரட்சிக்கப்படுவார். அறிக்கையில் எண் வேண்டும் என்று அனுப்பிய சபை நெருக்கினால், எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்று எழுதுங்கள். அதில் பொய் கலக்காது.

மேடையில் செய்யும் தவறுகளில் இது வெறும் அசடு. உயிருக்கே ஆபத்தானவை இரண்டு உண்டு.

ஒன்று, சூனியத்தைப் பற்றிய பிரசங்கம். நம் ஊரில் "பில்லிசூனியக் கட்டுகள் உடையட்டும்" என்று முழங்கிப் பழகியவர்கள், அங்கேயும் அதே சூட்டில் ஆரம்பித்துவிடுகிறார்கள். மலாவி கிராமங்களில் திடீர்ச் சாவு, மழை பொய்ப்பு என்று எது நடந்தாலும் தனியாக வாழும் வயதான பெண் மேல் சந்தேகம் விழுவது உண்டு. அப்படிச் சந்தேகிக்கப்பட்ட முதியவர்கள் அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஒருவரைச் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1911-இலிருந்து அங்கே இருக்கிறது. "உங்கள் நடுவில் ஒரு சத்துரு இருக்கிறான், ஆவியானவர் காட்டுகிறார்" என்று நீங்கள் பொதுவாகத்தான் சொல்வீர்கள். கேட்கிறவர்களின் கண் தெருக்கோடியில் இருக்கும் ஒரு குடிசைக்குப் போகும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அந்தக் கிழவி அங்கேதான் இருக்க வேண்டும். இந்தத் தலைப்பைத் தொடவே வேண்டாம். யாராவது கேட்டால் உள்ளூர்ப் போதகரிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டு, சுகமளிக்கும் ஜெபம். ஜெபிப்பதில் தவறில்லை. எச்ஐவி மாத்திரையை நிறுத்தச் சொல்வதுதான் தவறு; நேரடியாகச் சொன்னாலும் சரி, சாட்சிகள் வழியாக ஜாடையாகச் சொன்னாலும் சரி. மலாவி அரசு 2004-இலிருந்து அந்த மாத்திரைகளை இலவசமாகத் தருகிறது. 2011-இல், எச்ஐவி உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் சிகிச்சை என்ற திட்டத்தை உலகுக்கு முன்மாதிரியாக ஆரம்பித்ததும் அந்த நாடுதான். வரிசையில் நின்று மருந்து வாங்கி உயிரோடு இருக்கிற ஒரு தாயிடம் "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று கேட்பவரை அந்த ஊருக்குள் விடவே கூடாது. அந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்யாமல் "மெடிக்கல் கேம்ப்" போட்டு, கொண்டுபோன ஆன்டிபயாட்டிக்கை அள்ளிக் கொடுப்பதும் இதே ரகம்.

அடுத்து, கொடுப்பது. மிட்டாய், டி-ஷர்ட், பேனா என்று பெட்டி நிறையக் கொண்டுபோய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொடுப்பது நமக்குச் சந்தோஷம்தான். மூன்றாம் நாள் முதல் உங்களைக் கண்டாலே பிள்ளைகள் கை நீட்டுவார்கள். அவர்கள் பெற்றோருக்கு அது அவமானம். கொண்டுபோனதைச் சபை மூப்பர்களிடம் கொடுத்துவிடுங்கள், யாருக்குத் தேவை என்று அவர்களுக்குத் தெரியும்.

கட்டட வேலையும் அப்படித்தான். சுவர் எழுப்புவது அங்கே யாருக்கும் தெரியாத வித்தை இல்லை. மண் பிசைந்து, செங்கல் அறுத்து, சூளை போட்டுச் சுடுவதை ஊர்க்காரர்களே செய்வார்கள். கொத்தனாரும் உள்ளூரில் இருப்பார். சுவர் நின்றபின் பல கட்டடங்கள் தேங்குவது கூரைத் தகரத்துக்கும் சிமெண்டுக்கும் காசில்லாமல்தான். கரண்டி பிடித்தே பழகாத ஐந்து பட்டதாரிகள் வளைந்த சுவர் ஒன்றை எழுப்பி, இரவில் கொத்தனார் அதைப் பிரித்துக் கட்டும்படி ஆவானேன்? தகரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, கொத்தனாருக்குச் சித்தாளாக நில்லுங்கள். புதிதாக ஆழ்துளைக் கிணறு தோண்ட ஆசைப்படுகிறவர்களும், ஏற்கெனவே இருக்கும் அடிபம்பு ஏன் நின்றுபோனது என்று முதலில் விசாரிக்க வேண்டும். கிராமத்திலேயே கழற்றி மாட்டும்படி செய்யப்பட்ட அஃப்ரிடெவ் பம்புகள்தான் அங்கே அதிகம். தேய்ந்துபோன ஒரு சின்ன பாகத்துக்காக அது மாதக்கணக்கில் நின்றிருக்கலாம்.

இதையெல்லாம் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழ்ப் போதகர் வே. சா. அசரியா எழுந்து நின்று, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மேற்கத்திய மிஷனரிகளின் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் சபைப் பிள்ளைகள் நாம் இன்னொரு நாட்டில் போய் எஜமான் தோரணையில் நிற்கலாமா? நிற்கிறோம். மலாவியில் இந்தியர் என்றாலே டவுனில் கடை வைத்திருக்கும் முதலாளி என்ற எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது, அங்குள்ள இந்தியர்களில் குஜராத்தி வியாபாரிகள் அதிகம். சமையலுக்கு உதவ வரும் அம்மாவிடம் "ஏய், தண்ணி கொண்டா" என்ற தொனியில் பேசினால் அந்த எண்ணம் உறுதியாகிவிடும். நிறத்தைப் பற்றித் தமிழில் அடிக்கும் கேலியும் வேண்டாம். மொழி புரியாவிட்டாலும் சிரிப்பு புரியும்.

ஊருக்குள் போனதும் முதல் வேலை, கிராமத் தலைவரைப் போய்ப் பார்ப்பது. சில ஊர்களில் தலைவர் ஒரு பெண்ணாக இருப்பார். போதகரை முன்னால் விட்டு, சர்க்கரை, சோப்பு மாதிரி ஏதாவது எடுத்துப்போங்கள். பெண்கள் பேண்ட் போட்டுக்கொண்டு போகாமல், சித்தென்ஜே எனும் துணியை இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டும். சந்தையில் எளிதாகக் கிடைக்கும், நம்மவர்களுக்கு அது சிரமமே இல்லை.

சாப்பாட்டில் நிசிமா கட்டாயம் வரும். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி மாதிரி. சாப்பிடும் முன் ஒருவர் குவளையும் பேசினுமாக வந்து கையில் தண்ணீர் ஊற்றுவார். வலது கையால் ஒரு கவளம் பிய்த்து, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, கீரையையோ சின்ன மீனையோ அதில் அள்ளிச் சாப்பிட வேண்டும். ஸ்பூன் கேட்காமல் கையால் சாப்பிடும் விருந்தாளியைப் பார்த்தால் வீடே மலர்ந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நமக்கு ஐரோப்பியரைவிட வசதி அதிகம். ஊறுகாய்ப் பாட்டிலைப் பந்தியில் திறக்காமல் இருந்தால் சரி.

எந்த மாதம் போகிறோம் என்று பார்க்காமல் டிக்கெட் போடுவதும் பெரிய தவறு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை, மண் சாலைகளில் வண்டி புதையும். மக்காச்சோள அறுவடை ஏப்ரல், மே மாதங்களில். அதற்கு முன், ஜனவரி முதல் மார்ச் வரை பல வீடுகளில் மாவுப் பானை காலியாக இருக்கும். அப்போது ஐந்து பேர் போய் இறங்கினால், இருக்கிற ஒரு கோழியையும் உங்களுக்காக அடித்துவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் போங்கள். ஜூலை இரவில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

தினசரி அட்டவணையை அச்சடித்து எடுத்துப்போவதால் பயனில்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் வயலுக்கே போக மாட்டார்கள். உங்கள் வாலிபர் கூட்டத்துக்கு யார் வருவார்? அன்று போய்த் துக்க வீட்டில் உட்காருங்கள். பேச எதுவும் வேண்டாம். நீங்கள் வந்து உட்கார்ந்ததை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், பிரசங்கத்தை அப்படிச் சொல்வார்களா என்பது சந்தேகம்தான்.

கிளம்பும் நாளில் உணர்ச்சிவசப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டால், அது நாளை எண்ணிக்கொண்டே காத்திருக்கும். உதவ நினைத்தால் ஊர் திரும்பி, யோசித்து, சபை மூலமாகச் செய்யுங்கள்.

கடைசியாக உடம்பு. அங்கே பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் மலேரியா, சில நாட்களிலேயே ஆளைக் கொல்லக்கூடியது. கேப் மக்ளியரில் முதல் மிஷனரிகளைப் புதைத்ததில் பெரும்பங்கு அதற்குத்தான். தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், கொசுவலையை ஒரு இரவுகூட விடாதீர்கள். ஏரி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் கரையோரம் இறங்கிக் குளிக்க வேண்டாம், நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா கிருமி அதில் உண்டு. ஊர் திரும்பியதும் மலேரியாத் தடுப்பு மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். டாக்ஸிசைக்கிளின் என்றால் திரும்பியபின்னும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், சாதாரணக் காய்ச்சல் என்று விடாமல், "மலாவி போய்வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி அன்றே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.