டிசம்பரில் நாலரை மணிக்கு முகம் தெரியாது

ஸ்வீடனில் நடக்கும் துப்பறியும் நாவல். ஓர் எழுத்தாளர் காணாமல் போகிறார். புதிதாக எழுத வருகிறவர்களின் கைப்பிரதிகள் இப்படிப்பட்ட கதையில் திரும்பத் திரும்ப அதே சில பள்ளங்களில்தான் விழுகின்றன. ஊர்ப்பெயர் உச்சரிப்பு, தெருப்பெயர்க் குழப்பம் எல்லாம் கடைசியில்கூடச் சரிசெய்யலாம். விட்டுவிடுங்கள்.

வெளிச்சத்தைக் கணக்கு பார்க்காதது

"டிசம்பர் 20, மாலை 4.30. எழுத்தாளர் ஏரிப் பக்கம் போனதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், முகம் வாடியிருந்தது." ஸ்டாக்ஹோமில் அன்று சூரியன் எழுவது காலை 8.45 வாக்கில், மறைவது பிற்பகல் 3 மணிக்கு முன்பே. அந்தி வெளிச்சம் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும், அவ்வளவுதான். விளக்கில்லாத ஏரிக்கரையில் 4.30க்கு ஆள் தெரிந்தாலே பெரிது, வாடிய முகம் எங்கே தெரியப்போகிறது?

சாட்சியை 2.30க்கு நகர்த்திவிடலாமே என்பார்கள். அப்போது கொலையாளி அலுவலகத்தில் இருந்ததாக 5ஆம் அத்தியாயத்தில் எழுதியாயிற்று. அதை மாற்றினால் அவருடைய அலிபி (அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கான சான்று) போகும், அலிபியை உடைக்கும் காட்சி போகும், ஆய்வாளரின் சந்தேகம் யார் மேல் முதலில் விழுந்தது என்பதும் போகும். அரை நாவலைத் திரும்ப எழுத வேண்டும். இத்தனைக்கும் சூரிய அட்டவணை பார்க்க 5 நிமிடம்கூட ஆகாது!

முதல் வரிக்கு முன்பே ஊரையும் தேதியையும் முடிவுசெய்து, உதயம், அஸ்தமனம், அந்தி முடியும் நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வட ஸ்வீடனின் கிருனா நகரில் டிசம்பர் நடுவில் சூரியன் எழுவதே இல்லை. ஜூன் நடுவில் மறைவதில்லை. ஸ்டாக்ஹோமிலும் ஜூன் நடுவில் இரவு 10 மணிக்குப் பிறகுதான் அஸ்தமனம். "இருளில் கலந்து தப்பினான்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

அக்டோபர் கடைசி ஞாயிறு வேறு இருக்கிறது. அன்று அதிகாலை 3 மணிக்குக் கடிகாரத்தை 2க்குத் திருப்புவார்கள், 2.30 இரண்டு முறை வரும். சாட்சி சொல்வது எந்த 2.30?

ஏரி

குளிர்காலத்தில் ஏரியில் விழுந்த சடலம் இரண்டே நாளில் மிதக்காது. உறையும் நிலையிலுள்ள நீரில் உடல் அழுகி வாயு சேர்வது மிக மெதுவாக நடக்கும். பெரும்பாலும் வசந்தத்தில்தான் மேலே வரும். பனிக்கட்டி மேல் ஆள் நடக்கக் கெட்டியான, தெளிந்த பனி 10 செ.மீ. வேண்டும். நவம்பர் ஸ்டாக்ஹோமில் அது கிடைக்காது. மழையும் சேறும்தான் கிடைக்கும்.

தானே தலைமறைவாவது

இன்றைய ஸ்வீடனில் ரொக்கம் வாங்காத கடைகள் ஏராளம். வங்கி அட்டை, ஸ்விஷ் (கைபேசியில் பணம் அனுப்பும் செயலி), பேங்க்ஐடி (மின்னணு அடையாளம்) எதைத் தொட்டாலும் தடம் விழும். யாரோ ஒருவர் ஒளிந்திருக்கும் எழுத்தாளருக்குச் சோறு போட வேண்டும். அது யார் என்று எழுதுங்கள். இல்லையென்றால் கதையை 1985க்குக் கொண்டுபோங்கள்.

துப்பாக்கி

ஸ்வீடன் போலீஸ் இடுப்பில் உண்டு.

"சார்"

வேண்டாம். 1960களின் இறுதியிலிருந்தே அங்கே மேலதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

நாவலுக்குள் ஒரு கைப்பிரதி

காணாமல் போனவர் விட்டுச்சென்ற கைப்பிரதியில் கொலையாளியை அடையாளம் காட்டிவிடாதீர்கள். ஆய்வாளருக்கு வேலையே இருக்காது. ஒரு தடவைக்கு 2 பக்கம் போதும், நடையும் உங்கள் நடையாக இருக்கக் கூடாது. துப்பு வைக்கத்தான் வேண்டுமென்றால் இப்படி வைக்கலாம்: ஜூலை என்று தேதியிட்ட பக்கத்தில், பிற்பகல் 3 மணிக்கு ஜன்னலோரம் விளக்கு ஏற்றுகிறார்.