லா ஃபர்ம் இன்டர்ன்ஷிப் படிவத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எப்படி

எந்த லா ஃபர்மின், அதாவது வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் சட்ட நிறுவனத்தின், படிவத்தைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இதே நாலைந்து கேள்விகள்தான் வரும்: ஏன் இந்தத் துறை, ஏன் எங்கள் நிறுவனம், சமீபத்தில் நீங்கள் கவனித்த ஒரு வணிகச் செய்தி எது, குழுவாகச் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்லுங்கள், சமாளித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். கேள்வி எதுவாக இருந்தாலும் படிக்கிறவர் தேடுவது ஒன்றைத்தான். இவர் ஒரு விஷயத்தைச் சொன்னால் கூடவே அதற்கு ஆதாரமும் காட்டுகிறாரா? வக்கீல் வேலையின் அடிப்படையே அதுதான் என்பதால், உங்கள் பதிலை உங்கள் எழுத்து வேலைக்கு ஒரு மாதிரியாகவே அவர்கள் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் கேள்வியை ஒரு சட்டப் பிரிவைப் படிக்கிற மாதிரி பிரித்துப் படியுங்கள். "நீங்கள் சந்தித்த ஒரு பின்னடைவு என்ன, அதை எப்படிக் கையாண்டீர்கள், அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டீர்கள்" என்று கேட்டால் அதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நிறைய பேர் முதல் பகுதியிலேயே முக்கால்வாசி இடத்தைச் செலவழித்துவிட்டு, மூன்றாவதற்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மதிப்பிடுகிறவருக்கு அந்த மூன்றாவது பகுதிதான் முக்கியம்.

அப்புறம், முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சட்ட ஆலோசனை கேட்டு வருகிற கட்சிக்காரர் "செய்யலாமா கூடாதா" என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவார், காரணங்கள் பிறகு. ஒரே உட்காரலில் கட்டுக் கட்டாக விண்ணப்பங்களைப் படிக்கிறவருக்கும் அதே அவசரம் இருக்கும்.

"ஏன் எங்கள் நிறுவனம்" என்ற கேள்வியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். உலகத்தரம், பன்னாட்டு வாடிக்கையாளர்கள், அருமையான பணிச்சூழல் என்றெல்லாம் அவர்களுடைய இணையதளத்தில் இருப்பதையே அவர்களுக்குத் திருப்பிச் சொன்னால் அது பதிலாகாது. எழுதி முடித்ததும் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு அதன் போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பதில் அப்படியே பொருந்தினால் திரும்ப எழுதத்தான் வேண்டும். அப்படிப் பொருந்தாத விஷயம் எங்கே கிடைக்கும் என்றால், சேம்பர்ஸ் அண்ட் பார்ட்னர்ஸ், லீகல் 500 போன்ற, லா ஃபர்ம்களைத் தரவரிசைப்படுத்தும் வழிகாட்டிகளில் எந்தத் துறையில் அவர்கள் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நிறுவனச் செய்திகளில் அவர்கள் வேலை பார்த்த ஒரு ஒப்பந்தத்தையோ வழக்கையோ எடுத்து, அதில் அவர்கள் யார் பக்கம் இருந்தார்கள், சட்டச் சிக்கல் என்ன என்பதைத் தோண்டுங்கள். தீர்ப்பு வெளியாகியிருந்தால் அதையே படியுங்கள், செய்திச் சுருக்கத்தோடு நிற்க வேண்டாம். அங்கே முன்பு இன்டர்ன்ஷிப் செய்த யாரையாவது பிடித்து, ஒரே அணியில் முழு நாட்களும் உட்கார வைக்கிறார்களா அல்லது பல அணிகளுக்குச் சுற்றி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். ஒரே அணி என்றால் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் பார்க்கலாம், பல அணி என்றால் எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். இதில் உங்களுக்கு எது வேண்டும், ஏன் என்று எழுதினாலே பதிலில் நீங்கள் தெரிய ஆரம்பித்துவிடுவீர்கள். நாலு விஷயங்களை மேலோட்டமாக அடுக்குவதைவிட, ஒன்றிரண்டை எடுத்து உங்கள் படிப்போடும் அனுபவத்தோடும் இணைத்துக் காட்டுவது நல்லது.

வணிகச் செய்திக் கேள்விக்கு வருவோம். செய்தியைச் சுருக்கிச் சொன்னால் மதிப்பெண் கிடையாது. அந்தச் செய்தியால் யாருக்கு என்ன சிக்கல் வந்தது, ஒரு லா ஃபர்முக்கு அதில் என்ன வேலை என்பதுதான் பதில். மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற வீடியோ கேம் நிறுவனத்தை வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் 6,870 கோடி டாலருக்கு என்று அறிவித்தார்கள். 2023 ஏப்ரலில் பிரிட்டனின் போட்டி ஆணையம் (சந்தையில் நிறுவனங்களுக்கு இடையிலான போட்டி குறையாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) கிளவுட் கேமிங், அதாவது இணையம் வழியாகவே கேம் ஆடும் சந்தை பாதிக்கப்படும் என்று அதைத் தடுத்தது, அடுத்த மாதமே ஐரோப்பிய ஆணையம் நிபந்தனைகளோடு ஒப்புதல் தந்தது. கடைசியில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே உள்ள கிளவுட் ஸ்ட்ரீமிங் உரிமைகளை யூபிசாஃப்ட் என்ற இன்னொரு கேம் நிறுவனத்துக்குக் கொடுத்து ஒப்பந்தத்தையே மாற்றியமைத்த பிறகுதான் 2023 அக்டோபரில் அது முடிந்தது. இது வரைக்கும் செய்தி. உங்கள் பதில் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: ஒரே ஒப்பந்தத்துக்குப் பல நாடுகளில் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும், ஒரு நாடு மறுத்தாலும் மொத்தமும் தொங்கும், அப்படியானால் ஒப்பந்தத்தில் கடைசித் தேதி எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் யார் யாருக்கு இழப்பீடு தர வேண்டும், எந்தச் சொத்தை விட்டுக்கொடுத்தால் ஆணையம் சம்மதிக்கும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் போட்டிச் சட்ட அணியும் கார்ப்பரேட் அணியும் சேர்ந்து செய்யும் வேலை. நீங்கள் இதைவிடப் புதிய செய்தியை எடுங்கள், ஆனால் இதே வரிசையில் யோசியுங்கள். அதைப் பற்றி நேர்காணலில் பத்து நிமிடம் பேச முடியாது என்றால் அந்தச் செய்தியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

அனுபவக் கேள்விகளுக்குச் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சூழலை விவரிப்பதிலேயே பாதி இடம் போய்விடுகிறது. சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும், பாதிக்கு மேல் நீங்கள் செய்ததாக இருக்கட்டும். "நாங்கள் ஏற்பாடு செய்தோம்" என்று எழுதினால் அதில் உங்கள் பங்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. மூட் கோர்ட்டில் (சட்ட மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டியில்) பரிசு வாங்கியது பயோடேட்டாவிலேயே இருக்கிறது, இங்கே எழுத வேண்டியது நீதிபதி உங்கள் வாதத்தின் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார், நீங்கள் அடுத்த சுற்றுக்கு அதை எப்படி மாற்றினீர்கள் என்பதுதான். சட்டத்தோடு சம்பந்தமில்லாத வேலையையும் தாராளமாக எழுதலாம். கடையில் பகுதி நேர வேலை செய்து, கோபத்தோடு வந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி அனுப்பியவருக்குக் கட்சிக்காரரிடம் பேசுவது எப்படி என்று ஓரளவு தெரிந்திருக்கும், அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

"ஏன் சட்டம்" என்றால் சிறுவயது முதலே நீதி மேல் ஆர்வம் என்று தொடங்காதீர்கள். நிறுவனம் வங்கிக் கடன் ஒப்பந்தங்கள் எழுதுகிற நிறுவனமாக இருந்தால் அந்த வரி அங்கே ஒட்டவே ஒட்டாது. எந்தப் பாடம், எந்தத் தீர்ப்பு, எந்த வேலை உங்களை இந்தப் பக்கம் திருப்பியது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஏஐ கருவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தில் அவற்றைப் பயன்படுத்தலாமா என்று அந்த நிறுவனம் விதி வைத்திருக்கிறதா என முதலில் பாருங்கள். 2023-இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒரு விமானப் பயணியின் வழக்கில், சாட்ஜிபிடி உருவாக்கிய இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். சரிபார்க்காத ஒரு வரி உங்கள் பெயரில் போகக் கூடாது என்பதில் இந்தத் தொழில் அவ்வளவு கண்டிப்பானது.

மிச்சமெல்லாம் சின்ன விஷயங்கள், ஆனால் இவற்றாலேயே நிராகரிக்கப்படுகிறவர்கள் உண்டு. பதிலைத் தனி ஃபைலில் எழுதிவிட்டுப் படிவத்தில் ஒட்டுங்கள், இல்லையென்றால் நேரம் முடிந்து பக்கம் அழிந்துபோகும். வார்த்தை வரம்பைத் தாண்டாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் கமா எங்கே இருக்கிறது, கடைசியில் எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) உண்டா என்பது வரை சரிபாருங்கள், போன விண்ணப்பத்திலிருந்து ஒட்டிய பத்தியில் வேறு நிறுவனத்தின் பெயர் ஒளிந்திருக்கும். விண்ணப்பங்கள் வர வரவே படித்து இடங்களை நிரப்பும் நிறுவனங்களும் இருப்பதால் கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அனுப்பும் முன் சட்டம் படிக்காத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள், அவருக்குப் புரியாத வரியைத் திருத்துங்கள். அனுப்பியதும் பதில்களின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வரலாம்.