ரசீது செல்லாமல் போவதற்குள் ரெட் டாட்டைச் சோதிப்பது எப்படி

நாற்பத்தைந்தைத் தாண்டினால் வெள்ளெழுத்து பேப்பர் படிக்கும்போது மட்டும் தெரிவதில்லை, ரைபிளின் முன்குறியிலும் தெரியும். பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் நிற்கின்றன. இளம் கண் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும். நம் கண்ணுக்கு அந்தத் தெம்பு இல்லை.

ரெட் டாட் என்பது இந்தக் குறிகளுக்குப் பதிலாக ரைபிளின் மேல் மாட்டும், சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி. உள்ளே ஒரு சிறு எல்இடி இருக்கிறது. அதன் ஒளி, சிவப்பைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகக் கண்ணுக்கு வருகிறது. அதனால் புள்ளி வெகுதூரத்தில், இலக்கோடு சேர்ந்து நிற்பதாகத் தெரியும். இலக்கைப் பார்த்தாலே போதும். இது புதுச்சரக்கு இல்லை. அயர்லாந்துக்காரர் ஹோவர்ட் க்ரப் 1900-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். மின்சாரப் புள்ளியோடு கடைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் எய்ம்பாயின்ட், 1975-ல்.

நான் ஹூஸ்டன் பக்கம் ஸ்டீல் சேலஞ்ச் போட்டிகளில் பாயிண்ட் டூ டூ (.22, சின்ன ரகத் தோட்டா) ரைபிள் சுடுகிறவன்; என்னுடையது ருகர் 10/22. அங்கே இரும்புத் தட்டுகள் 7 கெஜத்திலிருந்து 35 கெஜம் வரை நிற்கும், சின்னத் தட்டே 10 அங்குல விட்டம். நான் சொல்வதெல்லாம் இந்தக் கணக்குக்குத்தான். மான் வேட்டைக்குப் போகிறவர் கணக்கு வேறு. ஊரில் ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகளுக்கு இது உதவவே உதவாது. அவர்கள் ஆட்டம் துளைக்குறியில், அதாவது சிறு துளை வழியே பார்த்துக் குறிவைப்பதில், நடப்பது. அவர்களுக்குப் பரிசாகக் கொண்டுபோகலாம் என்று சூட்கேஸில் போட்டுவிடாதீர்கள். துப்பாக்கிக்கான குறிக்கருவிகள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருபவை.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது புள்ளியின் அளவு. அதை எம்ஓஏ (மினிட் ஆஃப் ஆங்கிள்) என்ற கோணக் கணக்கில் சொல்வார்கள். 1 எம்ஓஏ என்றால் 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம், 50-ல் அரை, 25-ல் கால். 2 எம்ஓஏ புள்ளி துல்லியத்துக்கு நல்லது. 6 எம்ஓஏ சட்டென்று கண்ணில் படும். தட்டு சுடுபவருக்கு 3, 4 போதும். புள்ளியைச் சுற்றி வளையம் போட்டதெல்லாம் ரசனையைப் பொறுத்தது, எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்தது மூடியதா, திறந்ததா. திறந்த வகையில் எல்இடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெட்டவெளி. மழைத்துளியோ எண்ணெய்ப் பிசுக்கோ எல்இடி மேல் விழுந்தால் புள்ளி சிதறிவிடும். பாயிண்ட் டூ டூ தோட்டா கக்கும் கரி கொஞ்சநஞ்சமில்லை, ஆகவே என் ஓட்டு மூடிய குழாய்க்கே. ஆனால் விலையைக் கண்டு மயங்காதீர்கள். எண்ணூறு டாலர் கருவிகள் பெரிய ரைபிளின் உதைப்பையும் போர்க்களத்து அடியையும் தாங்கக் கட்டியவை. 10/22-க்கு உதைப்பே கிடையாது. அதில் கால்வாசி விலையிலேயே நல்ல சரக்கு கிடைக்கிறது. கிடைத்ததைச் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பார்சல் வந்ததும் ரைபிளில் மாட்டாதீர்கள். கருவியை மட்டும் கையில் எடுத்துச் சன்னல் வழியே ஒரு மரத்தைப் பாருங்கள். புள்ளி உருண்டையாகத் தெரிகிறதா, வால் முளைத்த நட்சத்திரமாகவா? நட்சத்திரம் என்றால் உடனே கருவியைத் திட்ட வேண்டாம். கண்ணில் சிலிண்டர் பவர் இருப்பவர்கள் பலருக்கு அப்படித்தான் தெரியும். செல்போன் கேமராவைக் கண் இருக்கும் இடத்தில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் குறை கண்ணில். பவர் சரிபார்த்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பாருங்கள். படத்திலும் கோணலாக இருந்தால் கருவி திரும்பிப் போகட்டும்.

பிறகு இருட்டான அறைக்குள் நின்றுகொண்டு வெயில் அடிக்கும் வாசலை அதன் வழியே பாருங்கள். டெக்சஸ் மத்தியான வெயிலில் வெள்ளைத் தட்டின் மேல் புள்ளி கரைந்துபோகும் கருவிகள் இருக்கின்றன, பெட்டியில் எத்தனை வெளிச்சப் படிகள் என்று போட்டிருந்தாலும் சரி. அதிகபட்சப் படியில்கூட தெரியவில்லையென்றால் அது நமக்கு ஆகாது.

மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) எடுங்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கருவியோடு வரும் தாளில் இருக்கும், அதற்கு மேல் ஒரு இழைகூட வேண்டாம், திருகு மொண்ணையாகிவிடும். ரைபிளின் மேலுள்ள ரெயிலின் (கருவி மாட்டும் பட்டையின்) பள்ளத்தில் கருவியை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள். முடித்ததும் திருகுக்கும் உடலுக்கும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு விலகினால் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி ரேஞ்ச், அதாவது சுடும் மைதானம். 25 கெஜத்தில் கட்டம் போட்ட தாளை மாட்டி, ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் வையுங்கள். போல்ட் திறந்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியாக இருக்கட்டும். புள்ளியைத் தாளின் நடுவில் நிறுத்தி, ரைபிளைத் தொடாமல் தலையை மட்டும் மேலே கீழே, இடம் வலம் நகர்த்துங்கள். புள்ளி தாளின் மேல் எவ்வளவு ஊர்கிறது? இந்த ஊர்தலுக்குத்தான் பாரலாக்ஸ் என்று பெயர். பெட்டியில் பாரலாக்ஸ் இல்லை என்று எழுதியிருந்தாலும் கிட்டத்துத் தூரத்தில் கொஞ்சம் இருக்கவே செய்யும். ஓர் அங்குலம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று அங்குலம் ஊர்ந்தால் 10 அங்குலத் தட்டில் அது பெரிய சங்கதி. மற்றவர்கள் தாள் மாற்றப் போயிருக்கும் நேரத்தில் இதைச் செய்யக் கூடாது. அப்போது காலித் துப்பாக்கியைத் தொட்டாலும் குற்றம்தான்.

ஜீரோ செய்வது, அதாவது புள்ளி நிற்கும் இடத்திலேயே தோட்டா விழும்படி கருவியைத் திருகிச் சரிசெய்வது, எளிது. ஐந்து தோட்டா சுட்டு, குரூப்பின் (துளைக் கூட்டத்தின்) நடுவைப் பாருங்கள், ஒற்றைத் துளையைப் பார்க்காதீர்கள். இரண்டு அங்குலம் இடப்பக்கம் விழுந்திருந்தால் 25 கெஜத்தில் அது 8 எம்ஓஏ. சரிசெய்யும் திருகின் ஒரு கிளிக் 1 எம்ஓஏ என்றால் வலப்பக்கம் 8 கிளிக்; அரை எம்ஓஏ என்றால் 16.

எனக்கு மிக முக்கியமான சோதனை இதற்குப் பிறகுதான். குறி வைக்கும் இடத்தை மாற்றாமல் ஐந்து சுடுங்கள். 16 எம்ஓஏ வலப்பக்கம் திருகி ஐந்து, அதே அளவு மேலே ஐந்து, இடப்பக்கம் ஐந்து, கீழே ஐந்து. தாளில் நாலு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான சதுரம் விழ வேண்டும். கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேலேயே உட்கார வேண்டும். சதுரம் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் பரவாயில்லை. கடைசிக் குரூப் வீடு திரும்பவில்லை என்றால் அந்தக் கருவியை நம்ப முடியாது. ஒரே பெட்டித் தோட்டாவைச் சுடுங்கள். பாயிண்ட் டூ டூ ரைபிளுக்கு பிராண்டுக்கு பிராண்ட் வாய்க்கு ருசி மாறும், பழி கருவி மேல் விழும்.

அதன்பின் ஒரு நூறு தோட்டாவாவது சுட்டுவிட்டு ஜீரோவையும் பெயின்ட் கோட்டையும் மறுபடி பாருங்கள். கருவியைக் கழற்றி அதே பள்ளத்தில், அதே முறுக்கில் மாட்டி, இன்னொரு குரூப். இவ்வளவும் ஒரே காலைக்குள் முடிந்துவிடும்; திருப்பிக் கொடுக்க அவகாசம் மிச்சமிருக்கும்.

பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032 என்னும் காசு வடிவப் பேட்டரி. பெட்டியில் ஐம்பதாயிரம் மணி நேரம் என்று போட்டிருந்தால் அது நடுத்தர வெளிச்சத்துக்கான கணக்கு. வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், மாற்றிய பின் ஜீரோவைச் சரிபாருங்கள். குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு பூசி வருபவை சில கருவிகளில் சரியாகத் தொடர்பு கொடுப்பதில்லை; புள்ளி மினுக்கினால் முதலில் பூச்சில்லாத பேட்டரியைப் போட்டுப் பாருங்கள்.