ஃபோர்டு எஃப்-150: இக்னிஷன் காயில் வாங்கும் முன்

2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கின் 5.4 லிட்டர் வி8 எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக எட்டு இக்னிஷன் காயில்கள் (ஸ்பார்க் பிளக்கில் பொறி உண்டாக்க உயர் மின்னழுத்தம் தரும் சுருள்கள்) உள்ளன. விலை விசாரிக்கும் முன், பழுது காயிலில்தான் இருக்கிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் பி0303 (மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது) என்று காட்டினால், மூன்றாம் சிலிண்டரின் காயிலை ஐந்தாவதுடன் இடம் மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள்; குறியீடு பி0305 ஆக மாறினால் குறை காயிலில்தான் உள்ளது, மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையோ எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டரையோ சோதிக்க வேண்டும்.

ஃபோர்டின் அசல் உதிரிப்பாகங்கள் மோட்டார்கிராஃப்ட் என்ற பெயரில் கிடைக்கின்றன. நெடுந்தூரம் ஓடும், பாரம் இழுக்கும் வண்டிக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். பெயர் பெற்ற பிற நிறுவனங்களின் காயில்களும், எழுத்துமூல உத்தரவாதம் இருந்தால், தவறான தேர்வல்ல. ஆனால் தயாரிப்பாளர் பெயரே இல்லாமல் எட்டும் சேர்த்து மிகக் குறைந்த விலைக்கு வரும் தொகுப்புகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் கம்பிச்சுற்றின் மின்காப்பு தரமாக இல்லாவிட்டால் எஞ்சின் வெப்பத்தில் விரைவில் பழுதாகும். அசலைப் போலவே அச்சிட்ட பெட்டியில் போலியும் விற்கப்படுவதால், டீலரிடமோ நம்பகமான கடையிலோ வாங்குங்கள்.

எந்தக் காயிலை வாங்கினாலும், தேய்ந்த பிளக்கின் மேல் அதைப் பொருத்தினால் பொறி தாண்ட வேண்டிய இடைவெளி கூடி, புதிய காயிலும் கூடுதல் சுமை தாங்க நேரிடும். இந்த எஞ்சினின் பழைய பிளக்குகளோ கழற்றும்போது உடைந்து உள்ளேயே சிக்கக்கூடியவை. அந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.