விளையாட்டுப் படத்தில் துணியைப் பாருங்கள்

1868இல் ஜப்பானில் உள்நாட்டுப் போர் நடந்தபோது வெளிவந்த மர அச்சுப் படங்கள் சிலவற்றில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். வெறும் விளையாட்டு என்று கடந்துவிடாதீர்கள். நடப்பு அரசியலை நேரடியாக வரைய முடியாததால், மோதிய பிரதேசங்களையே பிள்ளைகளாக்கிவிட்டார்கள் ஓவியர்கள்.

முகத்தை விடுங்கள், உடுப்பின் துணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் மெழுகுவர்த்தி இருந்தால் அந்தப் பையன் ஐசு என்ற பிரதேசம். மெழுகுவர்த்திக்குப் பேர்போன ஊர் அது. ஹாகி செடியின் சின்னச் சின்ன இலையும் பூவும் தெரிந்தால் சோஷு என்ற பிரதேசம். அவர்களின் பழைய கோட்டை நகரத்தின் பெயரே ஹாகிதான். எவ்வளவு அழகான ஒளிப்பு!

அப்புறம் யார் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பேரரசரின் அணியும், அதுவரை நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் ஆதரவாளர்களும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிப்பார்கள்.